கறுப்புப் பை யாருடையது

எங்கள் தெருவில் எனக்குப் 'பீரங்கி' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஒரே ஒருவர் சொல்லிப் பார்த்தார். அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதை அங்கேயே தெரிந்துகொண்டு போனார்.

தையல் என் தொழில். தெருமுனை வீடு. முன்னறை கடை, பின்னால் சமையலறையும் என் அறையும், மாடியில் அண்ணன். அண்ணி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான். அண்ணன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருடம் ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டியவர். கட்டைக் குரல். அவர் மாடியில் தும்மினால் கீழே நான் வெட்டுகிற துணி கோணிவிடும்.

கடைக்கு நேர் எதிரே ஒரு காலி மனை. அதன் மதில் மூலையில்தான் பதினைந்து வருடமாகத் தெருவே குப்பை கொட்டியது. நடந்து போகிறவர் வைப்பார், ஸ்கூட்டரில் போகிறவர் வீசுவார், மூன்றாம் மாடிக்காரர் பால்கனியிலிருந்தே குறி பார்த்து எறிவார். அந்தக் குறியை வேறு எதிலாவது காட்டியிருந்தால் பதக்கம் வாங்கியிருப்பார். ஈ மொய்க்கும், நாய் இழுக்கும், மழை பெய்தால் அத்தனையும் மிதந்து என் படியில் வந்து உட்காரும். வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்த ஓர் அம்மா, "தையல்ல ஒரு குறையும் சொல்ல முடியாதுங்க. வாசனைதான் ரெண்டு தரம் துவைச்சும் போகல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும்தான்.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியதுபோல் சுகாதார அலுவலகம் ஒரு முடிவு எடுத்தது. அந்த மூலை எப்படியும் குப்பைமேடுதான், அங்கேயே லாரி தூக்குகிற பெரிய இரும்புத் தொட்டியை வைத்துவிடலாம், சுற்றியுள்ள ஆறு தெருக் குப்பையும் அதில் சேரட்டும் என்று. என் கடை வாசலில்! நான் நேரே போய் மேஜை முன்னால் நின்று போட்ட சத்தத்தில் ஆய்வாளர் தன் டீயைக் கவிழ்த்துக்கொண்டார். கடைசியில் மனிதர் இறங்கி வந்தார்.

"சரிம்மா, அறுபது நாள். தினமும் காலையில ஆறு மணிக்கு அந்த மூலையை போட்டோ எடுத்து அனுப்புங்க. ஒரு காகிதம்கூடக் கிடக்கக் கூடாது. கிடந்தா தொட்டி வந்துடும். அப்புறம் வந்து என்கிட்ட கத்தக் கூடாது."

தொட்டி வந்தால் கடைக்குப் பூட்டுதான். ஆறு தெருக் குப்பைக்கு எதிரில் உட்கார்ந்து யாருக்கு என்ன தைப்பது? ஐம்பத்து நாலு வயதில் வேறு தெருவில் போய்ப் புதிதாகக் கடை போடும் தெம்பு எனக்கு இல்லை.

அன்று மாலையே கடையில் கூட்டம் போட்டேன். அண்ணன் தலைவர். வேண்டாம் என்றார்; நான் கேட்கவில்லை. நான் செயலாளர். மதிலை ஒட்டிய வீட்டு வக்கீலுக்குப் போட்டோ எடுக்கும் பொறுப்பு. மறுநாளே அவர் தெருவுக்கு 'கேமரா வக்கீல்' ஆகிவிட்டார். மழை வருமா என்று கேட்டால்கூட "ஆதாரம் இருக்கா?" என்று கேட்கிற ஆள்.

விதிகளை நான்தான் எழுதினேன். மக்கும் குப்பை வாளியில். மக்காத குப்பை, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பையில். கறுப்புப் பை கூடவே கூடாது. காரணம் இல்லாமல் சொல்லவில்லை. தள்ளுவண்டியில் வந்து குப்பை எடுக்கிற பெண், எங்களுக்கு வண்டியம்மா, போன வருடம் ஒரு கறுப்புப் பைக்குள் கை விட்டு உடைந்த கண்ணாடியில் இரண்டு விரலைக் கிழித்துக்கொண்டாள். மூன்று வாரம் கட்டோடு வந்தாள்.

அண்ணன்தான் மெதுவாகக் கேட்டார். "எல்லாத்தையுமா பாப்பா கண்ணுக்குத் தெரியற பையில போடணும்? சில சமாச்சாரம் இருக்கும்ல?"

"என்ன பெரிய சமாச்சாரம்? குப்பைதானே! தப்பு பண்ணாதவங்களுக்கு மறைக்க என்ன இருக்கு?"

கூட்டம் கைதட்டியது. பெண்கள் சமாச்சாரத்தையும் கைக்குழந்தை டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றி, சிவப்புக் கோடு போட்டுத் தனியாகக் கொடுங்கள் என்று சொல்லித்தான் இருந்தேன். எல்லாவற்றையும் யோசித்தாகிவிட்டது என்று எனக்கு நினைப்பு. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். முந்தின மாதம்தான் ஹெர்னியா ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். அந்த அசதி என்று விட்டுவிட்டேன்.

முதல் பத்து நாள் நாக்குத் தள்ளியது. வீடு வீடாகப் போய் வாளியை எட்டிப் பார்த்தேன். ஒருவர், "எங்க வீட்ல குப்பையே வராதுங்க" என்றார். "ஏன், காத்தையா சாப்பிடுறீங்க?" என்றேன். எதிர்ச்சாரியில் ஒரு மருமகள் முட்டை ஓட்டையும் பேட்டரியையும் ஒரே பையில் போட்டிருந்தாள். அதை அவள் மாமியார் முன்னாலேயே எடுத்துக் காட்டினேன். அந்தப் பெண் முகம் சிவந்து உள்ளே போனாள். நான் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். மூன்றாம் மாடிக்காரர் மட்டும் வீசிவிட்டு உள்ளே ஒளிந்துகொள்வார். வீசின பையை நானே எடுத்துக்கொண்டு படியேறி அவர் வீட்டு மிதியடிமேல் வைத்துவிட்டு வருவேன். நான்காவது நாள் கையெடுத்துக் கும்பிட்டார்.

மூலை சுத்தமானது. நாற்பது போட்டோ போனது, நாற்பதும் சுத்தம். கடைக் கதவை இரண்டு பக்கமும் திறந்துவைத்துத் தைத்தேன். பதினைந்து வருடத்தில் முதல் தடவை.

நாற்பத்தொன்றாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, மூலையில் ஒரு கறுப்புப் பை.

கேமரா வக்கீல் கேமரா வக்கீல்தானே. எடுத்தார், அனுப்பினார். அடுத்த நிமிடம் ஆய்வாளர் எனக்குப் போன் செய்தார். நான் கெஞ்சினேன். ஆமாம், நானேதான். "ஒரு தடவை விடறேன்மா. இனிமே பை வந்தா போட்டது யாருன்னு கண்டுபிடிச்சு நிறுத்துங்க. இல்லேன்னா தொட்டிதான்" என்றார்.

அன்று வண்டியம்மா வரவில்லை. மகளைப் பரீட்சைக்குக் கூட்டிப் போயிருந்தாள். மறுநாள் வந்ததும் பையைக் காட்டிக் கேட்டேன். அவள் முகம் மாறியது. கிளறிக் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் தவறாமல் அந்தப் பை வருகிறதாம். ஆறு மணிக்கு முன்னால் இவளே எடுத்துப் போட்டுக்கொள்கிறாளாம். நேற்று இவள் இல்லாததால் அகப்பட்டுவிட்டது.

"அடிப்பாவி! இத்தனை நாளா கூடவே இருந்து குழி பறிச்சியா? யாருன்னு சொல்லு."

"தெரியாதுக்கா. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்." வண்டிக் கைப்பிடியை விடாமல் நின்றுகொண்டு சொன்னாள். "எந்த வீட்ல பாட்டில் வருது, எந்த வீட்ல வாரம் ஒரு தட்டு உடையுது, யாரு மாத்திரையைப் பிரிக்காமலே தூக்கிப் போடறாங்க, எல்லாம் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தா இந்தத் தெருவுல ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்க முடியாது. அந்தப் பையில கண்ணாடி இல்ல, பிளேடு இல்ல. ஒவ்வொண்ணும் காகிதத்துல சுத்தி அவ்வளவு நேர்த்தியா இருக்கு. போடறவங்களுக்கு என்ன கஷ்டமோ. நான் எடுத்துக்கறேன், விடுங்கக்கா."

"என்ன கஷ்டம்? என் கடையை விட அவங்க கஷ்டம் பெருசா?"

விடவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் பை அவள் வண்டிக்குள் போய்விட்டது. அடுத்த பையைத் தொடக் கூடாது, எல்லோர் முன்னாலும் பிரிப்பேன், உள்ளே ஒரு ரசீதோ கூரியர் முகவரியோ கிடைக்காமலா போகும் என்றேன். வக்கீலுக்கு மட்டும் சொல்லிவைத்தேன். அண்ணனிடம்கூட மூச்சு விடவில்லை. அவர் ரகசியம் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும்.

செவ்வாய்க்கிழமை காலை பை வந்துவிட்டது. வக்கீல் வாட்ஸ்அப் குழுவில், 'பை சிக்கியது. உடனே மூலைக்கு வரவும்' என்று போட்டார். ஐந்து நிமிடத்தில் இருபது பேர் கூடிவிட்டார்கள். பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு இரண்டு பேர். எதிர்ச்சாரி மருமகள் முன்வரிசையில். வண்டியம்மா என் முழங்கையைத் தொட்டு, "வேணாம்க்கா" என்றாள். நான் கையை உதறினேன்.

"இப்போ தெரியும் பாருங்க, இந்தத் தெரு மானத்தை வாங்கினது யாருன்னு! யாரா இருந்தாலும் பேரைப் படிப்பேன். என் சொந்தக்காரங்களா இருந்தாலும் படிப்பேன்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பையின் வாயைப் பச்சைத் துணி நாடாவால் கட்டியிருந்தது. அந்தப் பச்சையை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாவாடைக்கு உள்துணி வெட்டி மிச்சமான ஓரம். என் கடைக் கழிவு மூட்டையில் இருந்தது எப்படி இங்கே வந்தது? என் மூட்டையிலிருந்தே திருடி என் வாசலிலேயே கட்டுகிறானா என்று ஆத்திரத்தோடு முடிச்சை இழுத்தேன். உள்ளே செய்தித்தாள் பொட்டலங்கள், வரிசையாக. மேலே இருந்ததை எடுத்தேன். கனமாக இருந்தது. தாளில் குறுக்கெழுத்துப் போட்டி, பென்சிலால் பூர்த்தி செய்தது. கட்டத்துக்கு வெளியே தலை நீட்டுகிற உயரமான எழுத்துகள். தினம் காலையில் அண்ணன் முடித்த பிறகுதான் பேப்பர் எனக்கு வரும். சில மாதங்களாக வரவே இல்லை. ஓர் ஓரத்தை மட்டும் விலக்கிப் பார்த்தேன். டயப்பர். குழந்தைக்கு உள்ளது இல்லை.

நிமிர்ந்தேன். எல்லோருக்கும் பின்னால், நடைப்பயிற்சி ஷூவோடு அண்ணன் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. எந்த நிமிடம் தன் பெயர் வரும் என்று காத்திருக்கிறவர்போல் தலை குனிந்திருந்தார். எங்கள் அப்பா செத்த அன்றுகூட அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"பேர் கிடைச்சுதா? யாருங்க?" என்றார் வக்கீல்.

நான் பொட்டலத்தை உள்ளே வைத்தேன். பச்சை நாடாவை எடுத்து இறுக்கிக் கட்டினேன்.

"என்னோடது" என்றேன்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. "என்னது?"

"காது கேக்கலையா? என்னோடது. நான்தான் போட்டேன். தினமும் வாளியில பிரிச்சுப் பிரிச்சு அலுத்துப் போச்சு, போட்டேன்."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பிடித்துக்கொண்டது. "ஊருக்குத்தான் உபதேசம்!" என்றது ஒரு குரல். மூன்றாம் மாடிக்காரர், "பையை உங்க மிதியடிமேல வெக்கட்டுங்களா?" என்றார். எதிர்ச்சாரி மருமகள் முன்னால் வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"என் மாமியார் முன்னால என் குப்பையைப் பிரிச்சுக் காட்டினீங்களே. இன்னிக்கு வரைக்கும் குத்திக் காட்டறாங்க. அப்போ எனக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்போ தெரியுதா?"

"தெரியுது" என்றேன். நிஜமாகவே தெரிந்தது.

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "செக்ரட்டரியே போட்டிருந்தா ஆபீஸ்ல நான் என்னன்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க" என்றேன். சொன்னால் தொட்டி வரும். தெரிந்துதான் சொன்னேன். பையை நானே தூக்கி வண்டியில் வைத்தேன். வண்டியம்மா தன் கையுறையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்; அப்போதுதான் வெறும் கையோடு எல்லாவற்றையும் தொட்டிருக்கிறேன் என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் இல்லை. வீட்டுக்குள் போய்விட்டார்.

ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று மனசு வெந்தது. பொய் எதற்கு? கோபம்தான் வந்தது. அன்று முழுக்க ஒரு வாடிக்கையாளரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு கை தைத்தேன், இரண்டையும் ஒரே பக்கத்துக்கு வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன்.

மாலையில் படியிறங்கி வந்தார். வெட்டுகிற மேஜைக்கு அந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் பாப்பா அப்படிச் சொன்னே?"

"பின்ன, உங்க பேரைப் படிச்சிருக்கணுமா?"

"உன் கடை..."

"கடை கெடக்குது! ஹெர்னியான்னு சொன்னீங்களே அண்ணே! ஆஸ்பத்திரிக்கு என்னை வர வேணாம்னு சொல்லிட்டு உங்ககூட பஸ்ல ஓடின அந்தக் கண்டக்டரை மட்டும் கூட்டிட்டுப் போனது இதுக்குத்தானா? கூடப் பொறந்தவகிட்டகூடச் சொல்ல முடியாதா?"

"உன்கிட்ட சொல்றதும் ஒண்ணுதான், மைக் போட்டுச் சொல்றதும் ஒண்ணுதான்" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

சாட்டையடி மாதிரி விழுந்தது.

மேஜைமேல் கிடந்த ஊசியை எடுத்து ஊசிமெத்தையில் குத்தியபடி அவராகவே பேசினார். "பிராஸ்டேட் ஆபரேஷன். ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகலாம், சரியாயிடும்கறார் டாக்டர். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினேன் பாப்பா. நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் அடக்கிட்டு ஓட்டியிருக்கேன். பின்னால அறுபது பேர் உக்காந்திருப்பாங்க, நடுவழியில நிறுத்த முடியுமா? இப்போ இந்தப் பதினாலு படி இறங்கறதுக்குள்ள..." நிறுத்திக்கொண்டார். "சிவப்புக் கோடு போட்டு நம்ம வீட்டு வாசல்ல வெச்சா, யாரோடதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். பையைத் தூக்கிப் பாக்கறவளும் நீதான். அதான், நடக்கப் போறப்போ..."

அப்போதுதான் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீர் வேண்டாம் என்றது. பழைய டிரைவர்களோடு டீ குடிக்கப் போவதை நிறுத்தியது. வெளியூரில் கட்டிக்கொடுத்த அவர் மகள் கைக்குழந்தையோடு வந்தபோது, "இடுப்பு வலிக்குது" என்று பேத்தியை மடியில் வாங்காமலே இருந்தது. கிழவருக்குத் திமிர் ஏறிவிட்டது என்று நான் மகளிடமே போனில் திட்டியிருக்கிறேன். ஒரே வீட்டில், தலைக்குமேலே ஒரு மனிதர் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் தெருவில் இருக்கிற வாளியை எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அழுதேன். நன்றாகவே அழுதேன். அவர் எழுந்து வந்து, சின்ன வயதில் செய்வதுபோல என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"என்னோடதாவே இருக்கட்டும் அண்ணே. இனிமே நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன். பேர் ஏற்கெனவே கெட்டாச்சு" என்றேன்.

"பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

மறுநாள் காலை வண்டியம்மாவின் மணி கேட்டது. நான் வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வக்கீல் மூலையில் போனோடு நின்றிருந்தார். நான்கைந்து பேர் வாளியோடு வண்டியைச் சுற்றி நின்றார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவரை ஒருவர் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். நேற்றைய சிரிப்பு இன்னும் தீரவில்லை.

பின்னால் படிச் சத்தம் கேட்டது. அண்ணன். வெளுத்த சட்டை, வாரிய தலை, டூட்டிக்குக் கிளம்புகிறவர்போல. கையில் பை. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பை. நேற்றுப் பார்த்த மாதிரியே பொட்டலங்கள், மேலே குறுக்கெழுத்து. நான் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. என்னைத் தாண்டிப் படியிறங்கினார். ஒவ்வொரு அடியாக, தெருவைக் கடந்து, வண்டிக்கு நேரே.

"நேத்தைய பை என்னோடது" என்றார். அந்தக் கட்டைக் குரலில்தான். தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "என் தங்கச்சி பொய் சொன்னா. எனக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு. அடக்க முடியல. அதுக்கு வெக்கறது இது."

மூன்றாம் மாடிக்காரர் தன் வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். எதிர்ச்சாரி மருமகள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு நகர்ந்து வரிசையில் அவருக்கு இடம் விட்டாள்.

அண்ணன் வக்கீல் பக்கம் திரும்பினார். "ஆபீஸ்ல என் பேரைச் சொல்லிடுங்க சார்."

"எதுக்கு?" என்றார் வக்கீல்.

"நேத்து போட்டோ எடுத்தீங்கல்ல?"

வக்கீல் போனை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். "நேத்தா? நேத்து போன்ல சார்ஜே இல்லையே. நேத்து சாயங்காலம் சுத்தமா இருந்த மூலையைத்தான் அனுப்பினேன். காலையில எடுத்ததுக்கு ஆதாரம் எங்க?" சொல்லிவிட்டு மூலையைப் பார்த்து நின்று மும்முரமாகப் படம் எடுக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் பொய் சொல்லி நான் பார்த்தது அன்றுதான்.

அண்ணன் பையோடு வண்டி முன்னால் நின்றார். கை நீண்டிருந்தது, பை லேசாக ஆடியது. நான் வாசலைப் பிடித்துக்கொண்டு, அவள் ஏதாவது பரிதாபமாகப் பேசித் தொலைத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

வண்டியம்மா எல்லார் வீட்டுப் பையையும் வாங்குகிறதுபோலவே அதையும் வாங்கினாள். தனி டப்பாவில் வைத்து மூடினாள்.

"மூணு நாள் சேத்து வெக்காதீங்க சார், வீடு நாறிப் போயிடும்" என்றாள். "தினமும் குடுங்க. தினமும்தானே வர்றேன்."